முந்நூறு கிரெய்ன்

செலியமேட்டில் எங்க தாத்தாவிடம் இருந்த ஒரே ஆயுதம் குருவி விரட்டும் கவண். அதனாலோ என்னவோ, கென்னத் ஆண்டர்சனின் ஜவளகிரிப் புலியைவிட அவருடைய தோட்டாதான் என்னை இழுத்தது.

அவர் தூக்கியது .405 வின்செஸ்டர். கம்பெனித் தோட்டாவில் குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராம் சொச்சம். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பிக்கு 140 கிரெய்ன் போதும்.

புதரிலிருந்து பாயும் புலிக்கு, உடம்புக்குள் விரியும் கனத்த ஈயமுனைக் குண்டு சரி. யானை மண்டையில் அதே குண்டு எலும்பிலேயே சப்பிப்போகும். கனத்தை மட்டும் பார்த்து வாங்கினால் வம்புதான்.

குறியும் தப்பினால்? 1907இல் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலியின் கோரைப்பற்கள் பழைய குண்டடியில் உடைந்திருந்தன. ஆட்கொல்லியானது அதனால்தான் என்றார் அவர். அதன் கணக்கில் 436 பேர்.