அமெரிக்க விசிட்டர் விசா: டிஎஸ்-160 படிவத்தில் நம்ம ஊர்க்காரங்க தடுமாறுவது எங்கே?

தறி நெய்த வருமானத்தில் படிக்க வைத்த மகனோ மகளோ அமெரிக்காவில் வேலையில் இருக்கிறார். பேரப்பிள்ளையைப் பார்க்க ஒருமுறை போய் வர வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் பெற்றோருக்கு இதில் முக்கியமான படி, டிஎஸ்-160 என்ற ஆன்லைன் படிவம். சுற்றுலா, உறவினர் சந்திப்புக்கான பி1/பி2 விசாவுக்கு இதைத்தான் நிரப்ப வேண்டும்.

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும் என்பதால், பிள்ளைகளோ பிரவுசிங் சென்டர்காரரோ நிரப்பித் தருவது வழக்கம். அதில் தப்பில்லை. யார் உதவினார்கள் என்று படிவமே கேட்கிறது. ஆனால் கடைசியில் ‘கையெழுத்து’ பட்டனை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும். “எனக்குத் தெரியாது, பையன்தான் போட்டான்” என்ற பதில் நேர்காணலில் எடுபடாது.

பேரு எப்படி எழுதணும்?

தமிழர்களுக்குப் பெரிய சிக்கல் இனிஷியல். படிவத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஏகாம்பரம் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ இடத்தில் ஏகாம்பரம், ‘கிவன் நேம்’ இடத்தில் முருகன் என்றிருந்தால் அப்படியே எழுதலாம். சர்நேம் காலியாக இருந்து முழுப்பெயரும் கிவன் நேமில் இருந்தால், அந்தப் பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதி, கிவன் நேம் கட்டத்தில் எஃப், என், யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட வேண்டும். காஞ்சிபுரம் என்ற ஊர்ப் பெயருக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பெல்லிங் உண்டு. பிறந்த ஊரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

நெசவாளர்னு எங்கே போடுறது?

தொழில் பட்டியலில் நெசவு தனியாக இல்லை. ‘இதர’ என்பதைத் தேர்வு செய்து, கைத்தறி நெசவாளர் என்று விளக்கலாம். கூட்டுறவு சங்கத்துக்கு நெய்பவர் சங்கத்தின் பெயரையும் முகவரியையும் தரலாம். புடவைக்குக் கூலி என்பதால் மாத வருமானம் ஏறி இறங்கும். உண்மையான சராசரியை எழுதினால் போதும். கூட்டி எழுதினால் பேங்க் பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும். செலவை மகன் ஏற்கிறார் என்றால் அதையும் அப்படியே சொல்லலாம்.

மறைக்கவே கூடாதது எது?

முன்பு விசா மறுக்கப்பட்டதா? கிரீன் கார்டுக்காக யாராவது உங்கள் பெயரில் மனு போட்டிருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் தேவை. கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்பார்கள். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை வராமல் 214(பி) பிரிவில் மறுத்தால், மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விசா பெறுவதற்காக முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னது உறுதியானால், வாழ்நாள் தடையே வரலாம்.

வேற என்ன கவனிக்கணும்?

• போட்டோ 6 மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி அணியாமல் இருக்க வேண்டும்.
• விண்ணப்ப எண்ணை முதலிலேயே குறித்து வைத்து, அடிக்கடி ‘சேவ்’ செய்ய வேண்டும். சுமார் 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிவிடும்.
• 2023 ஜூன் முதல் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் இது திரும்ப வராது. கட்டும் முன் அன்றைய கட்டணத்தை அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துக்கொள்ளவும்.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால்?

பதற வேண்டாம். நேர்காணலுக்கு முன் புதிய படிவம் நிரப்பி, அதன் பார்கோடு எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கிலும் மாற்ற வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நேர்காணலுக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம்.

சென்னை துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். அதற்கு முன், நிரப்பிய படிவத்தை வீட்டில் யாரையாவது தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.