மல்லாட்டை விளையும் நிலமும் செயற்கை நுண்ணறிவும்: விழுப்புரம் வட்டார வேளாண் அறிவு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவு வளரும் நாடுகளின் வேளாண்மையை மேம்படுத்தும் என்னும் எதிர்பார்ப்பு இன்று வலுப்பெற்றுள்ளது. மண்டகப்பட்டை உள்ளடக்கிய விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் நிலக்கடலைச் சாகுபடியை முன்வைத்து இக்கட்டுரை அவ்வெதிர்பார்ப்பை ஆராய்கிறது. எந்நிலத்தின் தரவு திரட்டப்படுகிறதோ, அந்நிலத்துக்கே கருவி முதற்கண் பயன்படும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மண்டகப்பட்டு, நிலக்கடலை, திண்டிவனம், வில்லியனூர், செயற்கை நுண்ணறிவு

முன்னுரை

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரை ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இதனை அமைத்தான் என அதன் வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அரசனின் சிறப்புப்பெயரைச் சொல்லும் அக்கல்வெட்டு, பாறையைக் குடைந்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு புதிய நுட்பம் தோன்றும்போது எது பதிவாகிறது, எது விடுபடுகிறது என்னும் வினா இங்கு எழுகிறது. பதிவானவற்றிலிருந்தே கற்கும் செயற்கை நுண்ணறிவுக்கு அவ்வினா இன்னும் நெருக்கமானது.

நிலக்கடலையும் திண்டிவனமும்

இவ்வட்டார மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்பர்; மணிலாக்கொட்டை என்பதும் வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெருகிய இப்பயிர், புதுச்சேரி வழியே பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது. பின்னர்த் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இரகங்கள் டி.எம்.வி. என்னும் முன்னொட்டைப் பெற்றன. 1940இல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தெரிவுசெய்யப்பட்டது. உழவர் நிலத்தில் இருந்த விதை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு பெற்று, மீண்டும் உழவரிடமே சென்றது. வேளாண் அறிவு இருவழியாக இயங்கியதற்கு இது சான்று.

வில்லியனூர்த் தகவல் மையங்கள்

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள வில்லியனூரை மையமாகக் கொண்டு ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. பயிர், சந்தை விலை, அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திகள் தமிழில் தரப்பட்டன. மையங்களை நடத்துவதில் ஊர்ப் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர். எம்பலத்தில் இம்மையம் கோயில் கட்டடத்திலேயே இயங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பு ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. கணிப்பு தொலைவில் உருவானதே; அதனைத் தம் மொழியில் எடுத்துச்சொல்லும் ஒருவர் ஊரில் இருந்ததால் அது பயன்பட்டது.

கருவி கற்ற பயிர்களும் கல்லாத பயிர்களும்

நிலக்கடலைக்கு இந்நுட்பம் பயன்பட்ட நிகழ்வும் உண்டு. 2016இல் இக்ரிசாட் நிறுவனமும் மைக்ரோசாப்ட்டும் ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்தில் 175 உழவர்க்கு விதைப்புக்குரிய காலத்தைக் குறுஞ்செய்தியில் தெலுங்கில் அறிவித்தன. முப்பதாண்டுத் தட்பவெப்பத் தரவு இதற்கு அடிப்படை. விளைச்சல் சராசரியாக 30 விழுக்காடு கூடியதாக அந்நிறுவனங்கள் தெரிவித்தன. ஓர் ஆண்டின் சிறு முயற்சியைக் கொண்டு பொதுமுடிவு கூற இயலாது. எனினும், அந்நிலத்தின் தரவும் அந்நிலத்தின் மொழியும் அங்கு இணைந்தமை கருதத்தக்கது.

இதற்கு மாறான சான்று இலைநோய் ஆய்வில் கிடைக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பிளான்ட் வில்லேஜ் தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்தது. அத்தொகுப்புக்குள் 99.35 விழுக்காடு சரியாக அமைந்த கணிப்பு, வேறு சூழலில் எடுத்த படங்களில் ஏறத்தாழ 31 விழுக்காடாகக் குறைந்தது. அதில் இடம்பெற்ற 14 பயிர்களுள் ஆப்பிளும் திராட்சையும் உண்டு. நெல்லும் நிலக்கடலையும் இல்லை. மண்டகப்பட்டு உழவர் டிக்கா இலைப்புள்ளி கண்ட மல்லாட்டை இலையைக் காட்டினால், அக்கருவி தான் அறிந்த வேறொரு பயிரின் நோயை விடையாகக் கூறக்கூடும். அதனை நம்பி மருந்து தெளித்தால், செலவும் பயிரிழப்பும் உழவரையே சேரும்.

மொழியிலும் இத்தகைய இடைவெளி ஏற்படலாம். பி.எம். கிசான் திட்டத்துக்காக 2023இல் நடுவண் அரசு தொடங்கிய கிசான் இ-மித்ரா உரையாடல் கருவியில் தமிழும் இடம்பெற்றது. எனினும் நூல்வழக்கு மட்டும் அறிந்த கருவிக்கு மல்லாட்டை என்பது புரியாச் சொல்லாகும். வட்டார வழக்கையும் தரவாகத் தொகுத்தல் வேண்டும். தம் பெயரில் பட்டா இல்லாத குத்தகை உழவர், நில ஆவணத்தை மட்டும் அடிப்படையாகக் கொள்ளும் தரவில் விடுபடுவர் என்பதும் கவனத்துக்குரியது.

முடிவுரை

திண்டிவனத்தின் விதையும் வில்லியனூரின் ஒலிபெருக்கியும் ஊராரின் பங்கேற்பால் பயன் தந்தன. செயற்கை நுண்ணறிவும் இவ்வட்டாரத்தில் பயன்பட வேண்டுமெனில், இந்நிலத்து இலைப் படங்களும் சொற்களும் உழவர் பங்கேற்புடன் திரட்டப்பட வேண்டும். அவற்றைத் தந்தவர்களின் பங்கும் பதிவாக வேண்டும். மண்டகப்பட்டுக் கல்வெட்டில் விடுபட்டவர்களை இன்று நாம் அறிய வழியில்லை. இன்று உருவாகும் தரவில் அத்தகைய விடுபடல் நேராமல் காப்பது நம்மால் இயலும்.