பாம்புக்கடி: கணக்கில் வராத மரணங்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இப்படி நடுங்கும் உலகம், பாம்பு கடித்து மாண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததா என்றால், நீண்ட காலம் இல்லை என்பதே பதில். உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் முதன்மையானவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது 2017 ஜூன் மாதத்தில்தான். அதன் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 54 லட்சம் பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். 81,000 முதல் 138,000 பேர் வரை உயிரிழக்கின்றனர். அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கினர் கை கால்களை இழந்தோ, நிரந்தர ஊனத்தோடோ வாழ்கின்றனர்.

மருந்தே இல்லாததால் வந்த வினையா இது? இல்லை, அன்பர்களே. சைகோனில் பணியாற்றியபோது நாகப்பாம்பின் நஞ்சை ஆராயத் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட், 1890களின் நடுவிலேயே முறிமருந்தை உருவாக்கிவிட்டார். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அந்த இரத்தத்திலிருந்து எடுப்பதுதான் முறிமருந்து. ஒரு பாம்பின் நஞ்சுக்கான மருந்து வேறு வகைப் பாம்பின் நஞ்சை முறிக்காது என்பதைப் பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டால் பிராசில் எடுத்துக் காட்டினார். ஆகவே, எந்த ஊரில் எந்தப் பாம்பு யாரைக் கடிக்கிறது என்ற கணக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் கணக்கில்தான் உலகம் கோட்டை விட்டது.

இதற்கு நம் பினாங்கு ஒரு நல்ல பாடம். 1950களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் அலிஸ்டர் ரீட், கடற்பாம்பு கடித்த மீனவர்களைக் கண்டார். வலையைப் பிரிக்கும்போதோ, ஆழமில்லாத நீரில் மிதித்துவிடும்போதோ பாம்பு கடிக்கும். கடித்த இடத்தில் வலி அதிகமிராது. பிறகு உடம்பெங்கும் தசைகள் வலிக்கும், சிறுநீர் கறுக்கும். தசைகள் சிதைந்து அவற்றின் நிறப்பொருள் சிறுநீரில் கலப்பதே காரணம் என்று அவர் விளக்கினார். மருத்துவமனையில் காத்திருக்காமல், வடமேற்கு மலாயாவின் மீனவக் கிராமங்களுக்கே சென்று விசாரித்து, 1957இல் அந்த ஆய்வை வெளியிட்டார். மருத்துவமனை ஏட்டில் ஏறாத கடிகள் ஏராளம் என்பது அப்போது தெரிய வந்தது.

இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. கடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நஞ்சு ஏறவே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது. போமோ மந்திரித்துப் பிழைத்ததாகச் சொல்லப்பட்ட பலரும் மந்திரிக்காமலே பிழைத்திருப்பார்கள். நஞ்சு ஏறியவர்களோ, மந்திரத்தை நம்பிக் காலத்தை இழந்தார்கள். பினாங்குக் கடற்பாம்புகளின் நஞ்சைக் கொண்டு 1960களில் ஆஸ்திரேலியாவில் முறிமருந்து தயாரானது. மீனவர்களைத் தேடிச் சென்று எண்ணியதன் பலன் அது. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய வடமாநிலத் தோட்டங்களில் கடித்துவந்த குழிவிரியனையும் ரீட் விரிவாக ஆராய்ந்தார்.

இந்தியாவில் இந்தக் கணக்குச் சரியாக வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. வீடு வீடாக விசாரித்து 2011இல் வெளியான ஆய்வு, 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 46,000 பேர் இறந்ததாகக் கூறியது. மருத்துவமனைகள் தெரிவித்த கணக்கைவிட இது 30 மடங்குக்கும் அதிகம். இறந்தவர்களில் 97 விழுக்காட்டினர் கிராமவாசிகள். பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போய்ச் சேராமலே இறந்தவர்கள்.

கணக்கில் இல்லாத ஏழைக்காக மருந்து தயாரிக்க வணிகம் முன்வருவதில்லை. ஆப்பிரிக்காவின் 10 வகைப் பாம்புகளுக்குப் பயன்பட்ட ஃபாவ்-ஆப்ரிக் என்ற முறிமருந்தை, இலாபமில்லை என்று சனோஃபி நிறுவனம் 2014இல் நிறுத்திக் கொண்டது. இருப்பிலிருந்த கடைசி மருந்தும் 2016இல் காலாவதியானது.

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. 2030க்குள் மரணத்தையும் ஊனத்தையும் பாதியாகக் குறைப்பதென 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் திட்டம் வகுத்தது. 2024இல் தமிழ்நாடு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எண்ணும் வேலை அங்கே தொடங்கிவிட்டது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது கடித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.