புறநானூற்றில் வீரர் சித்தரிப்பு

புறநானூற்றில் வீரர் சித்தரிப்பு என்பது, எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான புறநானூற்றில் போர்வீரர்களும் மன்னர்களும் காட்டப்படும் முறையைக் குறிக்கும். 400 பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில் வீரத்தின் அளவுகோலாக வெற்றியைவிட மானமே முன்னிற்கிறது. அந்த மானத்துக்குச் சான்று கூறுபவர் புலவர்.

மானமும் புண்ணும்

மார்பில் பட்ட புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டது. முதுகில் பட்ட புண் இழிவாகக் கருதப்பட்டது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வெற்றி பெற்ற கரிகாலனிடமே, அவ்வாறு உயிர் துறந்தவன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லவா என வெண்ணிக் குயத்தியார் கேட்கிறார் (பாடல் 66).

தாயர்

வீரனின் பெருமையை அளப்பவர்களுள் தாயும் ஒருத்தி.

- பாடல் 278 (காக்கைபாடினியார் நச்செள்ளையார்): மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்ட முதியவள் வாளோடு களத்திற்குச் செல்கிறாள். சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள்.
- பாடல் 279 (ஒக்கூர் மாசாத்தியார்): தமையனையும் கணவனையும் முந்தைய போர்களில் இழந்த பெண், தன் ஒரே மகனையும் போருக்கு அனுப்புகிறாள்.

இப்பாடல்கள் வீரத்தைப் புகழ்வதோடு, அதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையையும் பதிவு செய்கின்றன.

புலவரின் இடம்

புலவர் மன்னனைப் புகழ்பவர் மட்டும் அல்லர். அவனைத் தடுத்து நிறுத்துபவரும் ஆவார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைந்திருந்த நெடுங்கிள்ளியிடமும், இருவரும் சோழரே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் எடுத்துரைத்தார் (பாடல் 45). மலையமானின் சிறுவர்களை யானையால் கொல்ல முனைந்த கிள்ளிவளவனிடமிருந்து அச்சிறுவர்களை மீட்டவரும் அவரே (பாடல் 46).

இன்றைய தாம்பரம், பல்லாவரம் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய தொண்டை நாட்டின் மன்னன் தொண்டைமானிடம் அதியமானின் தூதராகச் சென்றவர் ஒளவையார். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அழகுற வைக்கப்பட்டுள்ளன என்றும், அதியமானுடையவை போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் அவர் கூறினார் (பாடல் 95). புகழ்வது போலப் பழித்த இச்சொற்களில் போர் அனுபவமற்ற மன்னனுக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது.

நடுகல்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபடுவது மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என இதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள் இம்மரபின் தொன்மைக்குச் சான்றாகும்.

ஆங்கிலோ-சாக்சன் பாடல்களுடன் ஒப்பீடு

பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃப் 3182 அடிகளில் ஒரு வீரனின் கதையைத் தொடர்ச்சியாகக் கூறுகிறது. புறநானூறோ ஒவ்வொரு தருணத்தையும் தனிப்பாடலாகத் தருகிறது. எனினும் இரண்டிலும் தலைவனின் கொடையும் வீரனின் விசுவாசமும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. 991 இல் நிகழ்ந்த மால்டன் போரைப் பற்றிய பாடலில், தலைவன் வீழ்ந்த பின்னும் களம் நீங்காதவர்கள் போற்றப்படுகின்றனர், ஓடியவர்கள் பழிக்கப்படுகின்றனர். பேவுல்ஃபுக்குக் கடலோர முனையில் எழுப்பப்பட்ட மண்மேடு, பயன்பாட்டில் தமிழ் நடுகல்லை ஒத்தது. ஆனால் அங்கே வீரன் அரக்கரோடும் நாகத்தோடும் பொருதுகிறான். புறநானூற்றில் எதிரி பெரும்பாலும் மற்றொரு தமிழனே. ஆகவேதான் கோவூர் கிழாரின் குரல் இங்கே தேவைப்படுகிறது.

பதிப்பும் ஆய்வும்

உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894 இல் பதிப்பித்தார். அவர் பெயரில் 1943 இல் நிறுவப்பட்ட நூல்நிலையம் தென்சென்னையின் பெசன்ட் நகரில் உள்ளது. இலங்கை அறிஞர் க. கைலாசபதி 1968 இல் வெளியான தம் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிறமொழி வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, அவை பாணரின் வாய்மொழி மரபில் தோன்றியவை என வாதிட்டார்.