வேலைக்காரர் இல்லைங்க, வேளைக்காரர்

1/ மங்கோலியப் படைன்னா செங்கிஸ் கானும் குதிரையும் வில்லும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் படையில தோற்ற நாட்டுக்காரங்களும் நிறைய இருந்தாங்க. அதுல முக்கியமானவங்க ஆலன்கள். அந்நிய அரசனுக்கு வாள் பிடிச்ச தமிழ் வீரர்களும் உண்டு. ரெண்டு கதையையும் சேர்த்துப் பார்க்கலாம் வாங்க.

2/ ஆலன்கள் காகசஸ் மலைப் பகுதி மக்கள், கிறிஸ்தவர்கள். இன்றைய ஒசேத்தியர்களோட முன்னோர். 1222 வாக்கில் மங்கோலியர் வந்தப்போ ஆலன்களும் கிப்சாக்குகளும் ஒண்ணா நின்னாங்க. "நீங்களும் நாங்களும் ஒரே இனம், அவங்க வேற"ன்னு சொல்லி மங்கோலியர் கிப்சாக்குகளைப் பிரிச்சாங்க. ஆலன்களை முடிச்சதும் கிப்சாக்குகளையும் அடிச்சாங்க.

3/ 1239-40ல் ஆலன்களோட நகரம் மகாஸ் விழுந்தது. அப்புறம் அவங்க வீரர்கள் மங்கோலியருக்காகச் சீனா வரைக்கும் போனாங்க. குப்ளாய் கான் காலத்துல தென் சீனாவின் சுங் அரசோட சண்டை போட்டாங்க, பேரரசரோட காவல்படையாவும் இருந்தாங்க.

4/ இதுல ஒண்ணைக் கவனிங்க. அவங்க நின்ன போர்க்களம் சொந்த மண்ணுலருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. எதிர்ல நின்னவன் சொந்தக்காரன் இல்லை. மனசு உறுத்த அங்க பெருசா காரணம் இல்லை.

5/ இப்ப இலங்கை. 1070ல் சோழர்களை விரட்டிட்டுப் பொலனறுவையைப் பிடிச்சவர் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு. அவர்கிட்ட இருந்த முக்கியமான படை எது தெரியுங்களா? வேளைக்காரப் படை! தமிழரோட வடுகரும் மலையாளரும் அதுல உண்டு.

6/ 'வேளை'ன்னா நேரம். நம்ம கோயம்புத்தூர்ல "ஒரு வேளை சோறு"ன்னு சொல்றோமே, அதே வேளைதான். தேவைப்படற வேளையில அரசனுக்காக உயிரைக் கொடுக்கறவங்கன்னு நீலகண்ட சாஸ்திரி விளக்கம் சொல்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்லயும் ராஜராஜனோட வேளைக்காரப் படைகள் பேர் வருது.

7/ விஜயபாகு கர்நாடக மன்னருக்குத் தூதர்களை அனுப்பினார். சோழர்கள் அவங்க மூக்கையும் காதையும் அறுத்துட்டாங்கன்னு சூளவம்சம் சொல்லுது. கோபத்துல அவர் சோழ நாட்டு மேல படையெடுக்கக் கிளம்பினார். சுமார் 1085. சோழ அரசர் முதலாம் குலோத்துங்கன். "கப்பல் ஏறுங்க"ன்னு வேளைக்காரருக்கு உத்தரவு.

8/ அவங்க போகலை. கலகம் பண்ணாங்க. தளபதிகளைக் கொன்னாங்க, அரண்மனையை எரிச்சாங்க, மன்னரோட தங்கை மித்தாவையும் அவங்க மூணு பிள்ளைகளையும் பிடிச்சாங்க. தெற்கே தப்பிப் போன மன்னர் படையோட திரும்பி வந்தார். கலகத் தலைவர்களைக் கட்டி, செத்த தளபதிகளோட சிதையிலேயே எரிச்சார்.

9/ கதை இங்க முடியலைங்க. விஜயபாகு இறந்த பிறகு, அதே பொலனறுவையில ஒரு தமிழ்க் கல்வெட்டு. புத்தரோட புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்க ஆள் வேணும். (டாக்டர்தான், ஆனா பல் டாக்டர் இல்லைங்க நான்!) பௌத்தத் துறவி முகலன் கூப்பிட்டது வேளைக்காரரைத்தான்.

10/ வலங்கை, இடங்கைன்னு எல்லாப் பிரிவும் கூடி வாக்குக் கொடுத்தாங்க: நாங்க அழிஞ்சாலும் சரி, இந்தக் கோயிலையும் அதோட ஊர்களையும் அடைக்கலம் புகுந்தவங்களையும் காப்போம். கோயிலுக்கே 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப்பெரும்பள்ளி'ன்னு பேர் வந்தது.

11/ ஆலன்கள் கதையிலயும் இப்படி ஒரு இடம் உண்டு. சீனப் பேரரசரைக் காத்த அந்த ஆலன் தலைவர்கள் 1336ல் போப்புக்குக் கடிதம் எழுதினாங்க: எங்க பேராயர் இறந்துட்டார், வேற ஒருத்தரை அனுப்புங்க. இறந்தவர் மான்டெகோர்வினோ ஜான். சீனா போற வழியில 13 மாசம் இந்தியாவுல, புனித தோமா கோயில் இருந்த நாட்டுல தங்கினவர். நம்ம மயிலாப்பூர் பக்கம்!

12/ வேளைக்காரரைத் துரோகின்னு ஒருத்தர் சொல்லலாம், இன மானம் காத்தவங்கன்னு இன்னொருத்தர் சொல்லலாம். ரெண்டு பேருக்கும் அந்தக் கல்வெட்டு இடிக்கும். சோழன் மேல வாளெடுக்க மாட்டேன்னு சொன்ன படைதான் புத்தரோட பல்லுக்கு உயிரைத் தரேன்னும் எழுதிக் கொடுத்தது. கூலிக்கு வந்தவனுக்கும் இது செய்வேன், இது செய்ய மாட்டேன்னு ஒரு கோடு இருக்கு. அது இனத்தோடயோ மதத்தோடயோ எப்பவும் ஒத்துப்போகறதில்லை.

13/ "நாம ஒரே இனம், அவன் வேற"ங்கற பேச்சை நம்பின கிப்சாக்குகளுக்கு என்ன ஆச்சுன்னு இரண்டாவது பதிவுல இருக்கு. பொலனறுவை போனீங்கன்னா புத்தர் சிலைகளோட நிறுத்திடாதீங்க. அந்தத் தமிழ்க் கல்லையும் கொஞ்சம் நின்னு பாருங்க.