சானடோரியமும் தறிவீடும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் பட்டு நெசவு வீட்டோடு ஒன்றிய தொழில். தறியில் ஒருவர் அமர, பாவையும் ஊடையையும் ஆயத்தப்படுத்தும் பணியில் குடும்பத்தார் பங்குகொள்வர். இத்தகைய வீட்டில் ஒருவருக்குக் காசநோய் கண்டால் செய்வது யாது? ஓராண்டு தொலைவிடத்திற்கு அனுப்பினால் தறி நின்றுவிடும். வீட்டில் வைத்திருந்தாலோ, பிறருக்கும் தொற்றுமென்னும் அச்சம். பிறநாட்டு மருத்துவ முறைகளிலிருந்து கற்பது எவ்வாறு என்னும் வினாவிற்கு இவ்வீட்டின் இக்கட்டே நல்லதோர் உரைகல்லாகும்.

அக்காலத்தில் ஐரோப்பா தந்த விடை சானடோரியம். மிஷன்கள் ஒன்றுகூடி 1915-இல் மதனப்பள்ளிக்கருகே ஆரோக்கியவரத்தில் ஒன்றை நிறுவின. இங்கிலாந்தில் இம்முறையைக் கையாண்ட டாக்டர் டேவிட் சவரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் மற்றொன்றைத் தொடங்கினார். இவை அன்பின் பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1943-இல் அமைக்கப்பட்ட போர் குழுவினர், ஹென்றி சிகரிஸ்ட், ஜான் ரைல் போன்ற அயல்நாட்டு அறிஞரின் ஆலோசனையையும் பெற்று 1946-இல் வெளியிட்ட அறிக்கை, கசப்பான கணக்கொன்றை முன்வைத்தது: நாட்டில் காசநோயாளர் ஏறத்தாழ 25 லட்சம், அவர்களுக்கான படுக்கைகளோ சுமார் 6,000. ஐரோப்பாவின் விடையை அப்படியே பின்பற்ற நம்மால் இயலாதென்பது தெளிவாயிற்று.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஏழை நோயாளரில் ஒரு சாராருக்கு வீட்டிலும் மறுசாராருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டுக் காலம் அதே மருந்துகள் அளிக்கப்பட்டன. வீட்டிலிருந்தோருக்கு நெரிசலான குடியிருப்பும் குறைந்த உணவுமே வாய்த்தன. எனினும் 1959-இல் வெளியான முடிவின்படி, வீட்டில் 86 விழுக்காட்டினரும் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர். வீட்டாருக்குத் தொற்று மிகுதியாகவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இம்முடிவும் ஒரு காரணமாயிற்று. கற்க வந்த நாடு கற்பிக்கும் நாடாயிற்று.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. சென்னை ஆய்வில் நோயாளர் கைவிடப்படவில்லை. வீடு தேடிச் சென்று மருந்து உட்கொள்ளப்படுகிறதா எனக் கண்காணித்தவர்கள் இருந்தனர். 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. இத்தொடர் கவனிப்பையோ அதே அளவில் நாடெங்கும் பரப்ப இயலவில்லை. பலர் சிகிச்சையை இடையில் நிறுத்தியதை 1992-ஆம் ஆண்டு மறு ஆய்வு காட்டிற்று. 1997-இல் விரிவாக்கப்பட்ட புதிய திட்டம், மருந்தை ஒருவர் முன்னிலையில் உட்கொள்ளும் முறையைக் கைக்கொண்டது. டான்சானியாவின் அனுபவத்தால் உருப்பெற்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை அது. அதன் வேர்களில் ஒன்றோ சென்னையிலேயே இருந்தது. நாம் கொடுத்ததை உலகைச் சுற்றி வந்தபின் திரும்பக் கற்றோம்.

ஆகவே, பிறநாட்டாரிடம் கற்பதென்பது கட்டடத்தையோ மருந்துப் பட்டியலையோ பெயர்த்துக் கொணர்வதன்று. அம்முறையைத் தாங்கிநிற்கும் மனிதர் யார் என்று கேட்பதும், அதை நம் ஏழையின் வீட்டில் வைத்துச் சோதிப்பதுமாம். சானடோரியங்களைக் கட்டிய திருச்சபைக்கு, அவற்றின் தேவை குறைந்தபோது மனத்தாழ்மை வேண்டியிருந்தது. இன்று வேண்டப்படுவது அதனினும் எளியது, அதனினும் அரியது: நோயுற்ற நெசவாளியின் வாயிலில் ஆறு மாதமும் தவறாது சென்று நிற்பது. வீடு சந்திப்பை ஊழியமாகக் கொண்ட நாம் இதனை அறியாதவர்களல்லவே!