கேமரா யாருடைய கையில்? விளிம்புநிலை மக்களே உருவாக்கும் ஆவணப்படங்கள்: ஒரு விளக்கம்

புதுதில்லி: விளிம்புநிலை மக்களின் வாழ்வை ஆவணப்படமாக்குவது இந்தியாவில் புதிதன்று. ஆனால், அம்மக்களே கேமராவை ஏந்தித் தங்கள் நிலையைத் தாங்களே பதிவு செய்யும் முயற்சிகள் கடந்த 40 ஆண்டுகளில்தான் வேரூன்றியுள்ளன. லாபநோக்கற்ற அமைப்புகள் முன்னெடுக்கும் இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதன் பயனும் தடைகளும் எவை என்பது குறித்த விவரம் வருமாறு:

லாபநோக்கற்ற படத்தயாரிப்பு என்பது என்ன?

அறக்கட்டளையாகவோ, பதிவு பெற்ற சங்கமாகவோ, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் அமைந்த நிறுவனமாகவோ இயங்கும் அமைப்புகள் இவ்வகைப் படங்களைத் தயாரிக்கின்றன. செலவு போக எஞ்சும் தொகையை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. அமைப்பின் நோக்கத்துக்கே அதனைச் செலவிட வேண்டும். திரையரங்க வசூல் இங்கு அளவுகோல் அன்று. படம் எங்கு திரையிடப்பட்டது, அதன்பின் என்ன மாறியது என்பதே முதன்மையாகக் கருதப்படுகிறது.

அகமதாபாதில் தொடக்கம்

இலா பட் 1972-இல் நிறுவிய சுயதொழில் புரியும் பெண்கள் சங்கமான 'சேவா', இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1984-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் மார்த்தா ஸ்டூவர்ட் குழுவினர், சங்க உறுப்பினர்களுக்கு அகமதாபாதில் காணொலிப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றவர்களுள் காய்கறி விற்பவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். இவ்வாறு உருவானதே 'வீடியோ சேவா'. மாணிக் சௌக் சந்தையில் அமர்ந்து விற்பதற்கான உரிமைக்காகப் போராடிய பெண்களின் நிலை, அவர்களுடைய தொடக்ககாலப் பதிவுகளில் இடம்பெற்றது.

கோணத்துக்குப் புதிய பெயர்கள்

தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே உள்ள பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு, சிறு நிலம் உழும் தலித் பெண்களுக்குப் படப்பிடிப்பும் படத்தொகுப்பும் கற்பித்தது. அப்பெண்கள் கேமரா கோணங்களுக்குத் தங்கள் வாழ்விலிருந்தே பெயர் சூட்டினர். மேலிருந்து கீழ்நோக்கும் காட்சி 'பட்டேல் ஷாட்'. நிலவுடைமையாளர் தொழிலாளியைப் பார்க்கும் பார்வை அது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது 'அடிமை ஷாட்'. சமமாக அமர்ந்து கண்ணுக்குக் கண் நோக்குவது, பெண்கள் கூடும் சங்கத்தின் பெயரால் 'சங்கம் ஷாட்'.

மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு 2002-இல் மத்திய அரசு அனுமதி அளித்தது. அதனைப் பயிரிட்ட வாரங்கல் விவசாயிகளின் அனுபவத்தை இப்பெண்கள் வயலுக்கே சென்று பதிவு செய்து படமாக வெளியிட்டனர்.

பழங்குடியினர் நோக்கில்

ஜார்க்கண்ட் தலைநகர் ராஞ்சியில் இயங்கும் 'அக்ரா' அமைப்பின் மேக்நாத், ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்த பிஜு டோப்போ ஆகியோர், நிலம், சுரங்கம், இடப்பெயர்வு குறித்துத் தொடர்ந்து படமெடுத்து வருகின்றனர். ஸ்பாஞ்ச் இரும்பு ஆலைகளால் நேரும் மாசு பற்றிய 'லோஹா கரம் ஹை', நெல் சாகுபடி பற்றிய 'ஏக் ரோபா தான்' ஆகிய இவர்களது படங்கள் தேசியத் திரைப்பட விருது பெற்றவை.

காணொலியிலிருந்து தீர்வு வரை

2003-இல் தொடங்கப்பட்டு, கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'வீடியோ வாலண்டியர்ஸ்' அமைப்பு, 2010-இல் 'இந்தியா அன்ஹெர்ட்' என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. பல மாநிலங்களில் அந்தந்த ஊர்களிலேயே வசிக்கும் சமூகச் செய்தியாளர்கள், குடிநீர், ரேஷன், பள்ளி, தீண்டாமை போன்ற பிரச்சினைகளைச் சில நிமிடக் காணொலிகளாக அனுப்புகின்றனர். பொறுப்பான அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து வலியுறுத்துமாறு பார்வையாளர்களிடம் காணொலியின் முடிவில் வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. பிரச்சினை தீர்ந்தபின் அதனைப் பதிவு செய்யும் மற்றொரு காணொலியும் எடுக்கப்படுகிறது. செய்தியாளர் அதே ஊரில் வசிப்பதாலேயே இத்தொடர் கண்காணிப்பு சாத்தியமாகிறது.

பிறர் சொல்லும்போது எழும் கேள்வி

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட் மாவட்டத்தில் 2002-இல் தொடங்கப்பட்ட 'கபர் லஹரியா', கிராமப்புறப் பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம். அச்சு இதழாகத் தொடங்கிப் பின்னர் காணொலிச் செய்திக்கு மாறியது. அதன் செய்தியாளர்களைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எனினும், விருது விழாவுக்குச் சில நாள்களுக்கு முன் அந்நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உணர்வுபூர்வமானது எனப் பாராட்டிய அவ்வறிக்கை, ஒரே கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே தாங்கள் கவனம் செலுத்துவதாகக் காட்டியிருப்பது சரியன்று எனச் சுட்டிக்காட்டியது. நல்லெண்ணத்துடன் எடுக்கப்படும் படத்திலும், எதனை வைப்பது, எதனை நீக்குவது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை இது முன்வைத்தது.

நிதியும் சட்டமும்

இவ்வமைப்புகள் பெரும்பாலும் நன்கொடைகளையே நம்பியுள்ளன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் 3-ஆவது பிரிவு, ஒலி, காணொலி வடிவில் செய்தி அல்லது நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் அமைப்புகள் வெளிநாட்டு நிதி பெறுவதைத் தடை செய்கிறது. ஆகவே, ஒரு பதிவு ஆவணப்படமா, செய்தியா என்ற வேறுபாடு சட்டரீதியாக முக்கியத்துவம் பெறுகிறது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றி வழங்கத் தடை விதித்ததுடன், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய அமைப்புகள் வழியாக இத்தகைய நிதியைப் பெற்று வந்த சிறு கிராமக் குழுக்களுக்கு அவ்வழி அடைபட்டது.

மேலும், 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி, பொதுவெளியில் படத்தைத் திரையிடத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தேவை.

ஒப்புதலும் பாதுகாப்பும்

சாதிக் கொடுமை பற்றிக் கேமரா முன் பேசுபவர், படம் வெளியான பின்னரும் அதே ஊரில்தான் வாழ வேண்டியுள்ளது. எனவே, படம் யார் யாருக்குக் காட்டப்படும் என்பதை முன்கூட்டியே விளக்கி அவரது ஒப்புதலைப் பெறுவதும், தொகுத்த படத்தை வெளியிடுமுன் அவருக்குக் காட்டுவதும், தேவையெனில் முகத்தையும் பெயரையும் மறைப்பதும் அவசியமாகும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்கீழ் தண்டனைக்குரிய குற்றமாகும்.

வெளியூரிலிருந்து வரும் படக்குழு பணி முடிந்ததும் திரும்பிவிடுகிறது. உள்ளூரில் கேமரா ஏந்துபவரோ, தாம் யாரைப் பற்றிப் படமெடுத்தாரோ அவர் வசிக்கும் தெரு வழியாகவே மறுநாளும் நடக்க வேண்டியுள்ளது. இப்படங்களின் வலிமைக்குக் காரணமான அந்த அண்மையே, எடுப்பவருக்கு அபாயமாகவும் அமைகிறது. ஆகவே, கேமராவும் பயிற்சியும் அளிப்பதோடு அமைப்புகளின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மிரட்டல் எழும்போது சட்ட உதவியும் ஊதியமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் அப்பொறுப்பில் அடங்கும்.